உள்ளங்கையளவு யோவான்

மான்செஸ்டரின் டீன்ஸ்கேட் சாலையில், கடைகளுக்கு நடுவே நிற்கும் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தை முதலில் ஏதோ பழைய ஆலயம் என்றே நினைத்தேன். பருத்தித் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்த கணவரின் நினைவாக என்ரிக்கெட்டா ரைலண்ட்ஸ் கட்டி, 1900-இல் மக்களுக்குத் திறந்துவிட்ட இடம். கட்டணம் கிடையாது. கல் வளைவுகளை அண்ணாந்து பார்க்கவே ஒரு நாள் போதாது. ஆனால் என் மனசெல்லாம் பி52 என்று பெயரிட்ட பழைய பைபிள் துண்டின் மேல்தான்.

கண்ணாடிக்குள் பழுப்பேறிய ஒரு பாப்பிரஸ் துண்டு, அதாவது நாணலில் செய்த தாள். உயரம் 9 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அகலம் 6. என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். முன்பக்கம் 7 வரி, பின்பக்கம் 7 வரி, எல்லாமே அரைகுறை. யோவான் சுவிசேஷம் 18-ஆம் அதிகாரம், ரோம ஆளுநர் பிலாத்துவின் முன் இயேசு நிற்கும் இடம்.

இரண்டு பக்கமும் எழுத்து இருப்பதால் இது சுருளிலிருந்து கிழிந்ததல்ல, புரட்டிப் படித்த புத்தகத்தின் தாள். முன்பக்கம் 31 முதல் 33 வரையுள்ள வசனங்கள், பின்பக்கம் 37, 38. இடையில் எவ்வளவு காணாமல் போயிருக்கிறது என்று கணக்கிட்டு, பக்கத்துக்குச் சுமார் 18 வரி இருந்திருக்கும் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது.

1920-இல் பாப்பிரஸ் அறிஞர் பெர்னார்ட் கிரென்ஃபெல் எகிப்தில் வாங்கிய குவியலில் வந்தது இது. 1934-இல் இன்னொரு அறிஞர் காலின் ராபர்ட்ஸ் கையில் எடுத்துப் பார்க்கும்வரை இன்னதென்று யாருக்கும் தெரியாது. கையெழுத்தின் பாணியை வைத்து கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி என்றார். கையெழுத்தை மட்டும் நம்பி அவ்வளவு குறுக்க முடியாது, 200-ஐ ஒட்டியும் இருக்கலாம் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். கி.பி. 125 என்று அடித்துப் பேசுவது சரியில்லை என்றே எனக்கும் படுகிறது. எப்படிப் பார்த்தாலும் புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய பிரதிகளில் ஒன்று.

போனில் சேமித்திருந்த படத்தை எடுத்து, பின்பக்கத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். 3-ஆவது வரியில் ‘அலேதெயா’, அதாவது சத்தியம் என்ற கிரேக்கச் சொல்லின் முதல் எழுத்துகள் தெளிவாக இருக்கின்றன. 4-ஆவது வரி ‘அவரிடம் சொல்கிறான்’ என்பதோடு முடிகிறது; அடுத்த வரியின் தொடக்கம் கிழிந்துவிட்டது. பிலாத்து கேட்ட கேள்வி அந்தக் கிழிசலோடு போய்விட்டது.

வருஷாவருஷம் பெரிய வெள்ளி ஆராதனையில் கேட்ட வசனம். தொண்டை அடைத்தது. “சத்தியமாவது என்ன?” என்று மீதியை வாய்க்குள் சொல்லி முடித்தேன். பின்னால் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். நகர்ந்து இடம் விட்டேன்.