பிரான்சிலிருந்து வந்த மாப்பிள்ளை, ஏற்காட்டில் குடியிருப்பு: எங்கள் விசா அனுபவம்

கல்யாணம் பண்ணிக்கொண்டு வெளிநாடு போகிறவர்களுக்கு வழி சொல்ல சேலத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். வெளிநாட்டவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு இங்கேயே வாழ நினைக்கிறவர்களுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை. என் கணவர் பிரெஞ்சுக் குடிமகன். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் அப்பாவின் காப்பித் தோட்டத்தில் இருக்கிறோம். 2022இல் திருமணம் ஆனது, இப்போது அவரிடம் ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடிமக்கள் விசா நீட்டிப்பு இல்லாமல் இந்தியாவில் வாழ வழிசெய்யும் அட்டை) இருக்கிறது. இதே கேள்விகளோடு இருக்கும் இன்னொரு ஜோடிக்கு உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

முதல் கேள்வி, எந்தச் சட்டத்தில் பதிவு செய்வது? "கோயில்ல தாலி கட்டி ரிஜிஸ்டர் பண்ணிடலாம், இதுல என்ன இருக்கு" என்றுதான் அத்தை முதல் அத்தனை பேரும் சொன்னார்கள். ஆனால் 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம், இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் பொருந்தும். சுயமரியாதைத் திருமணமும் அப்படித்தான். அண்ணா ஆட்சியில் அதற்குச் சட்ட ஏற்பு வந்தபோது, இதே சட்டத்துக்குள் 7-ஏ பிரிவாகத்தான் சேர்த்தார்கள். "மாப்பிள்ளை மதம் மாறிட்டா வேலை சுலபம்" என்று ஒருவர் யோசனை சொன்னார். ஒரு சான்றிதழுக்காக மதம் மாறச் சொல்வது அவருக்கும் மரியாதை இல்லை, நாங்கள் கும்பிடும் சாமிக்கும் மரியாதை இல்லை என்று அப்பா மறுத்துவிட்டார். எனக்கும் அதே எண்ணம்தான். எங்களுக்கு இருந்த வழி 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம்.

இந்தச் சட்டத்தில் நாள் கணக்குதான் எல்லாம். திருமணம் செய்யப்போகிறோம் என்று நோட்டீஸ் கொடுக்கும் மாவட்டத்தில் இருவரில் ஒருவராவது அதற்கு முன் 30 நாள் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். நான் சேலம் மாவட்டத்துக்காரி என்பதால் அதில் சிக்கல் இல்லை. நோட்டீஸை அலுவலகத்தில் ஒட்டி 30 நாள் ஆட்சேபணைக்காகக் காத்திருப்பார்கள். கொடுத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் திருமணம் நடக்கவில்லை என்றால் அது செல்லாது, மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். அவர் வந்ததோ இ-டூரிஸ்ட் விசாவில். அதில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரே தடவையாக 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்று அப்போது விதி இருந்தது. இந்தப் பக்கம் ஆடி மாதத்தில் கல்யாணம் கூடாது என்று வீட்டில் பிடிவாதம். மே மாதத் தொடக்கத்தில் நோட்டீஸ் கொடுத்தால் ஜூன் தொடக்கத்தில்தான் கதவு திறக்கும், ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிடும். ஆக, வைகாசிக் கடைசியும் ஆனியும்தான் எங்களுக்கு மிஞ்சின. ஜோசியரிடம் போகும்போது இந்தத் தேதிகளை எழுதிக் கொண்டுபோய், "இதுக்குள்ள ஒரு நாள் பார்த்துக் கொடுங்க" என்று கேட்டோம். எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். விசா, நோட்டீஸ் இரண்டின் நாட்களையும் கணக்குப் போடாமல் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் எதிர்ப்பு இல்லாததால் அந்த 30 நாளும் நிம்மதியாகப் போயின. ஆனால் நானும் அவரும் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்து நின்றபோது, வீட்டுக்குத் தெரியாமல் வருகிற பிள்ளைகள் இந்த ஒரு மாதத்தை எப்படிக் கடக்கிறார்கள் என்று மனசு கனத்துப்போனது. பெயரும் முகவரியும் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருக்கின்றன. இந்த விதி மாற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பிரான்ஸ் பக்கத்து வேலையை நோட்டீஸுக்கு முன்பே முடித்துவிட்டோம். அவர்கள் குடிமகன் வெளிநாட்டில் திருமணம் செய்வதென்றால், சட்டத் தடை ஏதும் இல்லை என்று அவர்களுடைய துணைத்தூதரகத்தில் சான்று வாங்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு அது புதுச்சேரியில் இருக்கிறது. ஆத்தூர், கள்ளக்குறிச்சி, விழுப்புரம் வழியாகப் பஸ்ஸில் போய்வந்தேன். துணைத்தூதரகத்திலும், பிரான்சில் அவர் வசித்த ஊர் நகராட்சியிலும் 10 நாள் அறிவிப்பு ஒட்டினார்கள். என்னிடம் புதுச்சேரியிலும் அவரிடம் பிரான்சிலும் தனித்தனியாகப் பேசினார்கள். எப்படிப் பழக்கம், வீட்டில் யார் யாருக்குத் தெரியும், திருமணத்துக்குப் பிறகு எங்கே இருப்பீர்கள் என்ற மாதிரி கேள்விகள். பொய்க் கல்யாணத்தைத் தடுக்கக் கேட்கிறார்கள் என்று புரிந்துகொண்டால் கோபம் வராது.

இன்னொன்று, இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர் குடும்பப் பெயராக. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி எல்லா மனுவோடும் வைத்தேன். நம் ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் இது வரும், முன்கூட்டியே வாங்கிவையுங்கள்.

திருமண அதிகாரி முன்னால், மூன்று சாட்சிகளோடு, ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்ல வேண்டும். என் கணவர் அந்த வாக்கியத்தைத் தமிழிலேயே சொல்லப் பழகி வந்திருந்தார். அலுவலகத்தில் கையெழுத்து முதல் நாள், தாலி கட்டியது மறுநாள் காலை முகூர்த்தத்தில். எந்தப் படிவத்திலும் திருமண நாள் என்று நாங்கள் எழுதுவது சான்றிதழில் உள்ள தேதியைத்தான்.

அப்புறம் அவர் ஊருக்குத் திரும்பினார். எங்கள் சான்றிதழைப் புதுச்சேரியில் கொடுத்து பிரெஞ்சுப் பதிவேட்டிலும் திருமணத்தை ஏற்றினோம். அவர்களுடைய குடும்பப் புத்தகம் (குடும்ப விவரங்களைப் பதியும் அரசு ஏடு) அதற்குப் பிறகுதான் கிடைக்கும். பாரிஸில் இந்தியக் குடிமகளின் கணவர் என்ற வகையில் எண்ட்ரி விசா வாங்கினார். 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்பதால், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். அந்த அலுவலகத்தின் இ-எஃப்.ஆர்.ஆர்.ஓ. இணையதளத்திலேயே முடிந்தது, பதிவுச் சான்று மெயிலில் வந்தது. மலையில் சிக்னல் நிற்காத நாட்களில் கீழே சேலத்துக்கு இறங்கித்தான் ஸ்கேன்களை ஏற்றினோம். சி படிவம் பற்றியும் சொல்ல வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கும் படிவம் அது. ஏற்காட்டு லாட்ஜ்காரர்களுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. உங்கள் வீட்டில் தங்கினாலும் அந்தக் கடமை உண்டு.

எண்ட்ரி விசாவில் இங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. ஓ.சி.ஐ.க்கு விண்ணப்பிக்கக் காத்திருந்த இரண்டு வருடத்தை அவருடைய சேமிப்பிலும் என் வருமானத்திலும் ஓட்டினோம். பேச்சுவார்த்தையிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். "மாப்பிள்ளை என்ன பண்றாரு?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் இருப்பது அவரை எவ்வளவு வருத்தியது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

ஏன் இரண்டு வருடம் என்றால், குடியுரிமைச் சட்டத்தின் 7-ஏ பிரிவுப்படி, பதிவான திருமணம் இரண்டு ஆண்டு தொடர்ந்து நீடித்த பிறகே வெளிநாட்டுக் கணவனோ மனைவியோ ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பதிவைத் தள்ளிப்போட்டால் ஓ.சி.ஐ.யும் தள்ளிப்போகும். கட்டணம் 15,000 ரூபாய். பாதுகாப்பு விசாரணை முடிந்தால்தான் அட்டை. காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து எங்களிடமும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்களிடமும் விசாரித்துவிட்டுப் போனார். பிறகு பல மாதம் எந்தத் தகவலும் இல்லை. அட்டை கைக்கு வந்த பிறகு விசா நீட்டிப்பும் பதிவும் தேவையில்லை, வேலைக்கும் போகலாம். ஆனால் திருமணம் சட்டப்படி முறிந்தால் இந்த அட்டையை ரத்து செய்யலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடுமுன் இருவரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்களைப் போன்ற மலைக்காரர்களுக்கு முக்கியமான விஷயம் நிலம். அட்டை வந்த சந்தோஷத்தில் அப்பா, "மாப்பிள்ளை பேரையும் பத்திரத்துல சேர்த்துடலாம்மா" என்றார். முடியாது. ஓ.சி.ஐ. வைத்திருப்பவர் வீடு, மனை வாங்கலாம். விவசாய நிலம், பண்ணை வீடு, காப்பி மாதிரித் தோட்ட நிலம் ஆகியவற்றை வாங்கவும் முடியாது, தானமாகப் பெறவும் முடியாது. வாரிசுரிமையாக வந்தால் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அப்பா முகம் வாடிவிட்டது. வக்கீலிடம் பேசி, தோட்டம் எனக்கு என்று உயில் எழுதிப் பதிவு செய்தார்.

குடியுரிமையையும் யோசித்தோம். இந்தியக் குடிமகளை மணந்தவர் ஏழு ஆண்டு இங்கே வசித்த பிறகு கேட்கலாம். ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டை விட வேண்டியிருக்கும். அவருடைய அம்மா அங்கே தனியாக இருக்கிறார், அவசரத்துக்கு உடனே ஓட வேண்டும். அதனால் அது வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

2025 செப்டம்பர் 1 முதல், குடிவரவு மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025 நடைமுறைக்கு வந்து, 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் உள்ளிட்ட பழைய சட்டங்கள் போய்விட்டன. நான் சொன்ன பதிவும் படிவமும் அந்தப் பழைய சட்டங்களின் கீழ் நடந்தவை. நீங்கள் தொடங்கும்போது அரசு இணையதளத்தில் அன்றைய விதியைப் பார்த்துக்கொண்டு தொடங்குங்கள்.