என்.சி.சி. கப்பல்

அத்தை போன ஞாயிற்றுக்கிழமை வந்தார், ஒரு மணி நேரம் உட்கார்ந்தார், போய்விட்டார். அந்த ஒரு மணி நேரத்தில் நான் கப்பற்படையில் சேர்ந்துவிட்டேன்.

தப்பு அம்மாவுடையது. "ரூமுக்குள்ள கதவச் சாத்திட்டு என்னதான் பண்றான்?" என்று அத்தை கேட்டதற்கு, "கப்பல் செய்யறான்" என்று சொல்லிவிட்டு, பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள். விண்கப்பல் என்று சொல்லியிருக்கலாம். மூன்று மாதமாக அந்த 'விண்'ணை நான் அவளிடம் எத்தனை முறை எடுத்துச் சொல்லியிருப்பேன்!

அத்தை சேலத்திலேயே குகை என்கிற பேட்டையிலிருந்து வரும்போதே தட்டுவடை செட் கட்டிக்கொண்டு வருவார். வந்து சேர்வதற்குள் சட்னியில் ஊறி நமுத்துப்போயிருக்கும். ஆனாலும் அதைத் தின்னுகிற நன்றிக்காக வீட்டில் யாரும் அவர் பேச்சை மறுப்பதில்லை. அந்தப் பொட்டலத்தோடுதான் என் அறைக்குள் வந்தார். திரையில் எண்டர்பிரைஸ் நின்றிருந்தது. ஸ்டார் ட்ரெக் என்கிற அமெரிக்க டிவி தொடரில் 1966-ல் வந்த முதல் எண்டர்பிரைஸ் விண்கப்பல். முன்னால் ஒரு பெரிய தட்டு, அதன் கீழே ஒல்லியாக ஒரு கழுத்து, கழுத்துக்குக் கீழே உருளை, உருளையிலிருந்து மேலே கிளம்பும் இரண்டு குழல்கள். கதைப்படி அதன் நீளம் 289 மீட்டர். எங்கள் தெருவில் இறக்கினால் பிள்ளையார் கோவிலில் மூக்கும் ரேஷன் கடையில் வாலும் இருக்கும். அதைக் கம்ப்யூட்டரில் பிளெண்டர் என்கிற 3டி மென்பொருளில் ஒவ்வொரு ஜன்னலாகச் செதுக்கி முடித்து, சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டர் போட்டேன், அதாவது ஓடுகிற படமாக வரைந்து தரச் சொல்லி கம்ப்யூட்டரிடம் விட்டேன். பத்து விநாடிப் படம். விநாடிக்கு 24 என்று 240 பிரேம்கள், ஒவ்வொன்றுக்கும் நாலு நிமிஷம். ஆக 16 மணி நேரம். சேலத்து வெயிலில் டேபிள் ஃபேனை கம்ப்யூட்டருக்குத் திருப்பி வைத்துவிட்டு நான் மொட்டை மாடியில் படுத்தேன்.

அத்தை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குழலின் மேல் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"என்.சி.சி.யா? ஏங் கண்ணு, நீதான் பரேடுக்குப் பயந்துகிட்டு என்.சி.சி. பக்கமே போகலையே?"

"அது கப்பலோட நம்பர் அத்தை. என்.சி.சி. 1701."

"ஓ, என்.சி.சி. கப்பலா!"

முடிந்தது. செவ்வாய்க்கிழமை தரகர் போன் செய்தார். பெண் வீட்டில் கப்பல் மாப்பிள்ளை வேண்டாம் என்கிறார்களாம், ஆறு மாசம் கடலிலேயே இருப்பார்களாம், பெண் ஒத்தையாக என்ன செய்வாள் என்கிறார்களாம். எந்தப் பெண், எந்த வீடு, யாருக்குத் தெரியும்? நான் பார்க்காத பெண் என்னை வேண்டாம் என்று சொன்னது எனக்கே ஒரு போன் வந்துதான் தெரியும். நான் சேகோ, அதாவது ஜவ்வரிசி, ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறவன். எனக்குத் தெரிந்த ஒரே கடற்பயணம் ஏற்காடு ஏரியில் மிதி படகு. அதற்குப் போகிற வழியில் இருக்கிற 20 கொண்டை ஊசி வளைவில் எட்டாவதிலேயே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டுகிறவன். நான் நேவியாம்.

சரி, அது கிடக்கட்டும். என்னை உண்மையில் கவிழ்த்தது அப்பா.

அத்தை கிளம்பியதும் என்னைச் சாப்பிடக் கூப்பிட வந்தவர், படம் ஓடுவதைப் பார்த்து வாசலிலேயே நின்றார். கப்பல் மெதுவாகத் திரும்பி இடது பக்கத்தைக் காட்டியது.

"நிறுத்துடா. எழுத்து திரும்பியிருக்கு."

பார்த்தேன். 1701 என்று இருக்க வேண்டிய இடத்தில் 1071. அதிலும் அந்த 7 வேறு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. அப்பாவின் இங்கிலீஷ் பேங்க் செலானோடு சரி. ஆனால் செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் நாற்பது வருஷம் கொலுசு செய்தவர். கொலுசில் அடிக்கிற சீலில் எழுத்து திருப்பித்தான் வெட்டியிருக்கும், அடித்தால்தான் நேராக விழும். திரும்பின எழுத்தைப் பார்த்தே பழகின கண்.

நடந்தது இதுதான். பிளெண்டரில் மிரர் என்று ஒன்று உண்டு. வலது பாதியைச் செய்தால் போதும், இடது பாதியை அதுவே செய்துவிடும். என்னை மாதிரிச் சோம்பேறிகளுக்கு அது குலதெய்வம். எழுத்தையும் சேர்த்துத் திருப்பிவிட்டது.

"கொலுசு ஜோடி போடறப்ப கொக்கி பக்கம் மாறும். சீல் மாறுமாடா?" என்றார்.

விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. சரித்திரத்தை இழுத்தேன். அந்தத் தொடருக்குச் செய்த அசல் மாடல் பெரும்பாலும் மரம், 11 அடி நீளம், 90 கிலோ. 1974-லிருந்து வாஷிங்டன் விண்வெளி மியூசியத்தின் சொத்து. அதன் இடது பக்கத்தை அவர்கள் முழுசாக முடிக்கவே இல்லை. விளக்குக்கான ஒயரெல்லாம் அந்தப் பக்கமாகத்தான் உள்ளே போகும், அதனால் வலது பக்கத்தை மட்டுமே படம் பிடித்தார்கள். கப்பல் எதிர்த் திசையில் போக வேண்டும் என்றால் வலது பக்கத்திலேயே எழுத்தைத் திருப்பி ஒட்டிப் படம் பிடித்து, அப்புறம் ஃபிலிமைத் திருப்பிக்கொண்டார்கள்.

"அமெரிக்காக்காரனே திருப்பித்தாம்பா எழுதினான்."

"அவன் ஃபிலிமையும் திருப்புனான். நீ திருப்புனியா?"

இதற்குப் பதில் இருக்கிறதா? எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். நம் வீட்டுக்குத் தெருப் பக்கம் மட்டும் பெயிண்ட், பக்கத்துச் சுவர் பன்னிரண்டு வருஷமாகப் பூச்சே இல்லாமல் செங்கல்லாக நிற்கிறது, கேட்டால் அந்தப் பக்கம் யார் பார்க்கிறார்கள் என்பீர்கள், அப்படியென்றால் என் கப்பலின் அந்தப் பக்கத்தை மட்டும் யார் பார்க்கப் போகிறார்கள்?

அப்பா ஒரு நிமிஷம் யோசித்தார்.

"வீடு சுத்தாதுடா."

சாப்பிடப் போய்விட்டார். நமுத்த தட்டுவடை எனக்கு மட்டும் மூன்று செட் வைத்திருந்தது, யாரும் தொடவில்லை.

எழுத்தைச் சரிசெய்ய அரை மணி நேரம்தான் ஆனது. மறுபடி ரெண்டருக்கு 16 மணி நேரம். கரண்ட் பில் வரும்போது அம்மா அதற்கும் கப்பல் என்றுதான் சொல்லப்போகிறாள். புதன் ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது என் அறையில் வெளிச்சம். அப்பா பனியனோடு உட்கார்ந்து, மவுஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கப்பலைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளில் நானே அங்கே போனதில்லை. நான் நின்றதைக் கவனிக்கவில்லை, நானும் கூப்பிடவில்லை.

காலையில் மேசையில் ஒரு பட்டறைச் சீட்டு. பின்பக்கத்தில் பென்சிலால் எண்டர்பிரைஸ். என்னுடையதைவிட அளவு சரியாக இருந்தது. கழுத்தும் உருளையும் சேருகிற இடத்தில் ஒரு வட்டம் போட்டு எழுதியிருந்தார்: "இங்க ஒட்டு பத்தாது. கழுத்து ஒடிஞ்சிரும்."

இப்போது அத்தை போன் செய்கிறார். அம்மா எடுத்துப் பேசுகிறாள். "ஆமாங்கண்ணி, இன்னும் அந்தக் கப்பல்லதான் இருக்கான். இப்ப உங்க தம்பியும் ஏறிட்டாரு."