பெயர் தெரியாதவர்களை எந்தக் கட்டத்தில் போடுவது?

நாடு விடுதலை பெற்ற 75ஆம் ஆண்டை ஒட்டி நடந்த சுதந்திர தின அமுதப் பெருவிழாவுக்காக மாவட்டவாரியாக, அதிகம் பேசப்படாத தியாகிகளின் வரலாற்றைத் தொகுத்தார்கள் இல்லையா? வரலாறு நடத்துகிற வாத்தியார் என்பதால் அதில் கொஞ்சம் என் தலையிலும் விழுந்தது. நான் எடுத்துக்கொண்டது 1908 மார்ச் 13 திருநெல்வேலி எழுச்சி. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்று எழுதி வைக்கிறேன்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. தொழிலாளிகள் ஜெயித்தார்கள். மார்ச் 12 அன்று, அவர்களுக்குத் துணைநின்ற வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் நெல்லையில் கடைகள் அடைபட்டன, நகராட்சி அலுவலகமும் தபால் நிலையமும் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். தலைவர்கள் இருவரும் உள்ளே இருந்தபோது ஊர் தானாகவே எழுந்தது என்பதுதான் இதில் விசேஷம்.

சிக்கல் அங்கேதான். கையில் கொடுத்த படிவம் தலைவருக்கென்றே தைத்த சட்டை. வீரரின் பெயர், பிறந்த தேதி, சிறையிருந்த காலம், புகைப்படம். சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டங்களை விட்டால் படிவம் நகராது. அன்றைக்குக் கல்லெறிந்தவனுக்கு யார் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்கள்?

அலுவலகத்தில் கேட்டபோது, "தியாகிகள் பட்டியல்ல பேர் இருக்கா சார், அத மட்டும் பாருங்க" என்றார்கள். பார்த்தேன். கண்ணில் பட்டவை பெரும்பாலும் உப்பு சத்தியாகிரகமும் 'வெள்ளையனே வெளியேறு'வும்தான். காரணம் பிறகுதான் உறைத்தது. மத்திய அரசின் தியாகிகள் பென்ஷன் வந்தது 1972 ஆகஸ்ட் 15-இல், சுதந்திர வெள்ளி விழாவை ஒட்டி. தாமிரப் பட்டயம் கொடுத்ததும் அப்போதுதான். மனு போட்டு, சிறைச் சான்று காட்டியவர்களின் விவரம் கோப்பில் ஏறியது. 1908-இல் இருபது வயதுப் பையனாக இருந்தவனுக்கு 1972-இல் எண்பத்து நாலு. உயிரோடு இருந்தால்தானே மனு போடுவான்! ஒரு விழாவுக்காகத் திரட்டிய காகிதம் அடுத்த விழாவுக்கு ஆதாரமாகிவிடுகிறது. விட்டுப்போனவர்கள் விட்டுப்போனவர்கள்தான்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: கல்லூரிக் கடிதம், அடையாள அட்டை இரண்டையும் கையோடு கொண்டு போங்கள். 'நெல்லைக் கலவரம்' என்று கேட்டால் யாராலும் எடுத்துத் தர முடியாது. துறை, ஆண்டு, அரசாணை எண் வேண்டும். முதலில் அந்த வருஷத்து அட்டவணைத் தொகுதியை வாங்கி எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். நீதித்துறைக் கோப்புகளில்தான் விஷயம் கிடைக்கும். பழுப்பேறிய தாள், ஓரத்தைத் தொட்டால் பொடிப்பொடியாக உதிரும். அந்தக் காகிதங்களில் கைதானவர்களைப் பற்றி இருப்பதெல்லாம் பெயர், தகப்பன் பெயர், சாதி, தொழில். அவ்வளவே. ஆனாலும் அந்தத் தொழில் என்ற ஒரு சொல்லே எனக்குப் போதுமானதாக இருந்தது. கூட்டத்தில் யார் யார் நின்றார்கள் என்று அதை வைத்தே எழுதிவிடலாம்.

வழி திறந்தது அரசாங்க இணையதளத்தின் பகுப்பிலேயே. இந்தத் தொகுப்பெல்லாம் போய்ச் சேர்கிற மாவட்டக் களஞ்சியத்தில் ஆளுமைகள் மட்டுமல்ல, நிகழ்வுகள், கட்டடங்கள், கலை மரபுகள் என்றும் பிரிவுகள் உண்டு. நிகழ்வு என்று கொடுத்தால் பிறந்த தேதி தேவையில்லை. ஆனால் மேலதிகாரி, "வ.உ.சி. பேர்லயே குடுத்துடலாமே, அவருக்குத்தான் 150ஆவது ஆண்டு ஏற்கெனவே நடக்குதே" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. மாநில அரசே 2021 செப்டம்பரில் அதற்காக வரிசையாக அறிவிப்புகள் வெளியிட்டிருந்தது. அப்போதுதான் நான் தேதியைக் காட்டினேன். பெருவிழாவை சபர்மதியில் 2021 மார்ச் 12-இல் தொடங்கியது, 1930-இல் தண்டி யாத்திரை புறப்பட்ட நாள் என்பதால். வ.உ.சி. கைதானதும் ஒரு மார்ச் 12 தான். அதற்கு மறுநாள்தான் நம்ம ஊர்க்கதை. அதிகாரி சிரித்துவிட்டு, 'நிகழ்வு' என்றே அனுப்பச் சொன்னார். அரசு அலுவலகத்தில் வாதத்தைவிடத் தேதி சீக்கிரம் வேலை செய்யும்.

விழா மேடையில் தியாகிகளின் வாரிசுகளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். 1908 சார்பாகக் கூப்பிட ஆளில்லை. கண்காட்சியில் ஒரு பலகை மட்டும் இருந்தது.

2033 மார்ச்சில் எழுச்சிக்கு 125 வருஷம். நிதி ஒதுக்கீட்டில் இடம்பிடிக்க வேண்டுமானால் 2031-இலேயே கோரிக்கை போய்ச் சேர வேண்டும். கோப்பு எண்களை ஒரு நோட்டில் எழுதி எங்கள் துறை அலமாரியில் வைத்திருக்கிறேன். அதற்குள் எனக்கு ரிட்டயர்மென்ட். அடுத்து வருகிறவர் அட்டவணையிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.