பெரிய தொகையைப் பார்த்து மயங்க வேண்டாம்

அரசின் வரவு செலவுப் பற்றாக்குறையை யார் அதிகம் குறைக்கிறார்கள் என்றே எல்லோரும் கேட்கிறோம். எங்கிருந்து குறைக்கிறார்கள் என்பதுதான் முக்கியம்.

2011 யூலையில் அமெரிக்கக் காங்கிரஸில் இரண்டு திட்டங்கள் மோதின. குடியரசுக் கட்சியின் ஜோன் பெய்னர் பத்து ஆண்டுகளில் சுமார் 917 பில்லியன் டொலரைக் குறைப்போம் என்றார். ஜனநாயகக் கட்சியின் ஹரி ரீட் வைத்தது சுமார் 2.2 டிரில்லியன். அடேயப்பா என்று தோன்றும். ஆனால் அதில் ஏறத்தாழ ஒரு டிரில்லியன், ஈராக், ஆப்கானிஸ்தான் போர்ச் செலவு சுருங்குவதால் வருவது. படைகள் எப்படியும் திரும்பிக்கொண்டுதான் இருந்தன! அதைக் கழித்தால் இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடும். வரி உயர்வு இரண்டிலுமே இல்லை.

இதைப் பிரித்துக் காட்டியது காங்கிரஸின் கட்சி சாராத வரவு செலவு அலுவலகம்.

இங்கே இலங்கையிலும் பணம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 2019 டிசம்பரில் வற் எனும் பெறுமதி சேர் வரியை 15 இலிருந்து 8 சதவீதமாக வெட்டினார்கள். 2024 ஜனவரியில் அது 18. அதுவரை விலக்கு இருந்த சமையல் காஸுக்கும் சேர்த்து. கொழும்பு வெள்ளவத்தையில் சிலிண்டர் மாற்றப் போகிறவர் கட்டும் காசு அது.

பாராளுமன்றத்துக்கென ஒரு வரவு செலவு அலுவலகம் அமைக்க நம் நாட்டிலும் 2023 இல் சட்டம் நிறைவேறியது. சரி, ஒவ்வொரு கட்சியின் திட்டத்தையும் அது கணக்குப் பார்த்து, நாங்கள் வாக்களிக்கும் முன்பே தமிழிலும் வெளியிட வேண்டும்.