தூண் எங்கடா?

அப்பா முப்பத்தைந்து வருஷம் சென்ட்ரிங் மேஸ்திரி; கான்கிரீட் தளம் இறுகும்வரை அடியில் முட்டுக் கொடுக்கிற வேலை. விசிட் விசாவில் துபாய் வந்தவரை முதலில் புர்ஜ் கலிஃபாவுக்குக் கூட்டிப்போனேன். ஒரு தடவை அண்ணாந்து பார்த்து "ம்" என்றார், அவ்வளவுதான். அபுதாபி லூவ்ர் அருங்காட்சியகத்தில்தான் ஆள் அசையாமல் நின்றுவிட்டார்.

சாதியாத் தீவில் கடலோரம், ழான் நூவெல் வடிவமைத்த கட்டடம். 2017 நவம்பரில் திறந்தார்கள். 180 மீட்டர் விட்டத்தில் சல்லடை மாதிரி ஒரு குவிமாடம், எடை சுமார் 7,500 டன். அதன் கீழே வெள்ளை வெள்ளையாகப் பெட்டிக் கட்டடங்கள், நடுவே கடல் தண்ணீர். அப்பா ஒரு படத்தைக்கூடப் பார்க்கவில்லை. சுற்றிச் சுற்றி வந்து கேட்டார்: "தூணு எங்கடா?"

நான்கே நான்கு. 110 மீட்டர் இடைவெளி விட்டு, அந்தப் பெட்டிகளுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள். சொன்னதும் சுவர் சுவராகத் தட்டக் கிளம்பிவிட்டார். காவலர் ஓடி வந்தார்.

"இத்தன ஓட்டை இருக்கே, ஒழுகாதா?"

ஒழுகும். அது கூரை இல்லை, பந்தல். எட்டு அடுக்காக 7,850 நட்சத்திர வடிவங்கள்: மேல் நான்கு அடுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கீழ் நான்கு அலுமினியம், நடுவே 5 மீட்டர் உயர இரும்புச் சட்டம். வெயில் எட்டிலும் சலித்துத்தான் தரைக்கு வரும். மரப்பலகையில் வரைந்த பழைய ஓவியம் ஈரப்பதம் ஏறி இறங்கினால் வெடித்துவிடும். அதனால் படங்கள் உள்ள அறைகளுக்குத் தனிக் கூரை, தனி ஏசி.

எனக்கு மலைப்பு வேறு இடத்தில். சூடு 30 டிகிரி ஏறினால் 180 மீட்டர் இரும்பு ஏறக்குறைய 65 மில்லிமீட்டர் நீளும். இறுக்கிக் கட்டினால் தூணைத் தள்ளும். அதனால் பாலத்துக்குப் போடுவது போலத் தூண் தலையில், நகர இடம் கொடுக்கிற பேரிங். ஆர்வமாக விளக்கினேன். அப்பா காதில் விழவேயில்லை.

"முட்டு எப்படிக் குடுத்தாங்க?"

120 தற்காலிகக் கோபுரங்கள். சட்டத்தைக் கீழேயே 85 பெரிய துண்டுகளாகக் கோத்து, ஒவ்வொன்றும் 50 டன் வரை, கிரேனில் தூக்கி அவற்றின்மேல் வைத்தார்கள். 2014 செப்டம்பரில் கடைசித் துண்டு. பிறகு ஜாக்கி வைத்து மொத்தப் பாரத்தையும் நான்கு தூண்களுக்கு மாற்றினார்கள்.

அப்பா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஊரில் அவர் தளத்துக்குக் கொடுத்த முட்டுகளைப் பிரிக்கும் நாள் ஞாபகம் வந்தது. நடுவில் இருக்கிற சவுக்குக் கட்டையை முதலில் எடுப்பார், பிறகு ஓரம். சன்ஷேடு என்றால் நுனியிலிருந்து. அதுவரை வீட்டுக்காரரைக்கூடக் கிட்டே விடமாட்டார். கடைசிக் கட்டையும் வந்ததும் தான் மட்டும் உள்ளே போய், தளத்துக்கு நேர் கீழே நின்று ஒரு பீடி பிடிப்பார். அது முடிந்த பிறகுதான் மற்றவர்கள் உள்ளே போகலாம்.

"இங்க யாருடா மொதல்ல உள்ள போயி நின்னுருப்பான்?" என்றார். அப்புறம், பீடி பிடிக்க எங்கே இடமென்று அதே காவலரிடம் கேட்கச் சொன்னார்.