பத்தாயிரம் ரோ அப்டேட்: இன்டர்வியூவுக்கு நான் படித்த விதம்

"ஒரு லூப் டேட்டாபேஸ் டேபிளில் பத்தாயிரம் ரோவை (வரிசையை) ஒவ்வொன்றாக அப்டேட் செய்கிறது. மெதுவாக ஓடுகிறது. என்ன செய்வீர்கள்?" பேக்கெண்ட் இன்டர்வியூவில் இதைக் கேட்டார்கள். "இண்டெக்ஸ் (ரோவை வேகமாகத் தேட உதவும் பட்டியல்) போடுவேன்" என்றுதான் வாயில் வரும். எந்த ரோ என்று சொல்லும் வேர் கிளாஸில் பிரைமரி கீ (ஒவ்வொரு ரோவுக்கும் உரிய தனி அடையாளம்) இருந்தால் அந்த இண்டெக்ஸ் ஏற்கெனவே இருக்கிறது. நேரம் போவது வேறு எங்கோ.

இதைப் படிக்க நான் ஜாவாவில் ஒரு லூப் எழுதி, லேப்டாப்பிலேயே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஜாவா டேட்டாபேஸோடு பேசும் ஜேடிபிசியில் ஆட்டோகமிட் (ஒவ்வொரு கட்டளையையும் உடனே உறுதிசெய்வது) தானாகவே ஆனில் இருக்கும். அதனால் ஒவ்வொரு அப்டேட்டும் தனி டிரான்சாக்ஷன் (முழுதாக நடக்கும், அல்லது நடக்கவே நடக்காத ஒரு வேலை). ஒவ்வொரு கமிட்டுக்கும் (உறுதிசெய்தலுக்கும்) மாற்றங்களின் பதிவேடு டிஸ்கில் எழுதப்படும் வரை காத்திருக்க வேண்டும். ஆட்டோகமிட்டை ஆஃப் செய்து கடைசியில் ஒரே கமிட் கொடுங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

லேப்டாப்பில் தெரியாத செலவு ஒன்று உண்டு: நெட்வொர்க். லினக்ஸில் நெட்வொர்க்கைக் கட்டுப்படுத்தும் டிசி கட்டளையால் லோக்கல்ஹோஸ்ட்டுக்கு (அதே கணினியின் முகவரிக்கு) 1 மில்லிசெகண்ட் தாமதம் வைத்தால், போய்வர 2 மில்லிசெகண்ட். 10,000 அழைப்புக்கு 20 வினாடி, சும்மா காத்திருப்பதிலேயே! பல அப்டேட்டுகளைச் சேர்த்து ஒன்றாக அனுப்பும் ஆட்பேட்ச், எக்ஸிக்யூட்பேட்ச் எதற்கு என்பது அப்போது புரிந்துவிடும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஆட்கள் கவனிக்க: கனெக்‌ஷன் யூஆர்எல்லில் 'ரீரைட் பேட்ச்டு ஸ்டேட்மென்ட்ஸ்' ட்ரூ என்று கொடுக்காவிட்டால் டிரைவர் பேட்சையும் ஒவ்வொன்றாகவே அனுப்பும்.

எல்லா ரோவுக்கும் கணக்கு ஒன்றுதான் என்றால், உதாரணமாக விலையை 5 சதவீதம் ஏற்றுவது, லூப்பே தேவையில்லை. ஒரே அப்டேட் போதும். ஓஆர்எம் (டேபிள் ரோக்களை ஆப்ஜெக்ட்டுகளாகக் கையாளும் லைப்ரரி) பழகியவர்களுக்கு இது ஏனோ கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது.

இண்டெக்ஸ் பற்றிப் பேசினால் மறுபக்கத்தையும் சொல்லுங்கள். போஸ்ட்கிரெஸில் அப்டேட் என்றால் ரோவின் புதிய பிரதி ஒன்று எழுதப்படும். மாற்றும் ஃபீல்டில் (நெடுவரிசையில்) இண்டெக்ஸ் இருந்தால் அந்த டேபிளின் மற்ற இண்டெக்ஸ்களிலும் பெரும்பாலும் புதிய என்ட்ரி விழும். அப்புறம், நேரம் எங்கே போகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸ் கட்டளை அப்டேட்டை நிஜமாகவே ஓட்டிவிடும். டிரான்சாக்ஷனைத் தொடங்கும் பிகின், மாற்றங்களைத் திரும்பப் பெறும் ரோல்பேக் இரண்டுக்கும் நடுவில் வைத்துப் பாருங்கள்.

"எல்லாவற்றையும் ஒரே டிரான்சாக்ஷனில் போட்டால்?" என்பது அடுத்த கேள்வி. முடியும்வரை அந்த ரோக்களின் பூட்டு விடாது; அவற்றை மாற்ற வரும் மற்றவர்கள் காத்திருப்பார்கள். ஆயிரம் ஆயிரமாகப் பிரித்து, ஐடி வரிசையில் அப்டேட் செய்து, ஒவ்வொரு தொகுதிக்கும் கமிட் கொடுப்பேன் என்றேன். "பாதியில் நின்றால்?" கடைசியாக முடித்த ஐடியை அதே டிரான்சாக்ஷனில் ஒரு டேபிளில் எழுதி வைத்தால், அங்கிருந்தே தொடரலாம்.