280 மி.மீ. டிஸ்க், 36/40 பிஸ்டன்: முன் பிரேக் முடிந்தது, பின்பக்கம் பாக்கி

முன் பிரேக் வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது. ரேஸ் தடத்தில் முழு அமர்வும் ஓட்டிவிட்டு உள்ளே வரும்போது பெடல் முதல் சுற்றில் எந்த உயரத்தில் நின்றதோ அதே உயரத்தில் நின்றது. இந்த வரியை எழுதுவதற்காகவே பல மாதங்களாகக் காத்திருந்தேன்.

வண்டி, ஓட்டுபவரோடு சேர்த்து ஏறத்தாழ 1000 கிலோ. முன்சக்கர இழுவை, 15 அங்குல வீல், தடத்துக்கான மென்மையான டயர், தாழ்த்திய சஸ்பென்ஷன், இன்ஜினில் ஓரளவு கைவேலை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. கம்பெனி கொடுத்த முன் பிரேக் 256 மி.மீ. டிஸ்க், 54 மி.மீ. ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர். சக்கரத்தோடு சுழல்வது டிஸ்க்; ஆயில் அழுத்தத்தில் பிஸ்டனைத் தள்ளி, பேட் என்ற உராய்வுக் கட்டைகளால் அதைக் கவ்வுவது காலிப்பர். சாலையில் இதன் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. தடத்தில் நான்கைந்து சுற்றுக்குள் மூச்சு வாங்கத் தொடங்கிவிடும்.

பிரேக் மாற்றப் போகிறேன் என்றதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, 'எத்தனை பிஸ்டன் போடுகிறாய்?' என்பதுதான். அந்தக் கேள்வியே எனக்குப் பிடிக்கவில்லை. ஆறிய நிலையில் பழைய பிரேக்கே நான்கு சக்கரத்தையும் பூட்டிவிடும். சக்கரம் பூட்டிக்கொண்ட பிறகு வண்டியை நிறுத்துவது டயர்தான், காலிப்பர் அல்ல. அப்படியானால் தடத்துக்காக நாம் வாங்குவது வெப்பத்தைத் தாங்கும் திறனை. கூடுதல் பிடி கிடைத்தால் அது உபரி. சில நேரம் அதுவே தொல்லை.

கணக்கு எளிது. 160 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு இறங்கும்போது வேகம் பாதியாகிறது, ஆனால் இயக்க ஆற்றலில் முக்கால் பங்கு போய்விடுகிறது. 1000 கிலோ வண்டிக்கு அது சுமார் 740 கிலோஜூல். இதில் 75 சதவீதம் முன்பக்கம் விழுகிறது என்று கொண்டால், ஒரு முன் டிஸ்க்கின் பங்கு ஏறத்தாழ 278 கிலோஜூல். 5 கிலோ எடையுள்ள வார்ப்பிரும்பு டிஸ்க் அந்த ஒரே மிதியில் 120 டிகிரி செல்சியஸ் சூடேறும். அதே ஆற்றல் 6.5 கிலோ டிஸ்க்கில் 93 டிகிரிதான் ஏற்றும். ஒரு சுற்றில் இப்படி நான்கு பெரிய மிதிகள் இருந்து, இடையில் ஆற அவகாசம் குறைவாக இருந்தால் டிஸ்க் எங்கே போய் நிற்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். டிஸ்க்கின் எடையைப் பார்க்காமல் விட்டத்தை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

காசை எதில் போடுவது என்பதைப் பெடலே சொல்லிவிடும். பெடல் பஞ்சு போல அமுங்கி, இரண்டு முறை அடித்தால் மேலே வந்தால், காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவியாகிவிட்டது என்று பொருள். பெடல் கல்லாக நின்று, எவ்வளவு மிதித்தாலும் வண்டி ஓடிக்கொண்டே இருந்தால் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. என் வண்டி முதலில் ஒன்றைக் காட்டியது. ஆயிலை மாற்றியதும் மற்றதைக் காட்டியது.

ஆயில் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டாட் 4 என்ற பிரேக் ஆயில் தரத்துக்குக் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, நாளாக ஆகக் காற்றின் ஈரம் ஏறிய பின் 155 டிகிரி. இந்த 155-தான் நம் எண். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 புதிதாக 312 டிகிரி வரை தாங்கும். காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் ஈரம் ஏறிய பிறகும் 270 வரை நிற்கும். ஆயிலை அடிக்கடி மாற்றச் சோம்பல்படாதவர்களுக்கு முதலாவது போதும். நான் அந்தக் கட்சி.

இனி பிஸ்டன். இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவழித்தது ஸ்பேனரோடு அல்ல, கால்குலேட்டரோடுதான்.

ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் இருந்து, பக்கவாட்டில் தானே நகரும் நழுவும் காலிப்பருக்கு அந்த ஒரு பிஸ்டனின் பரப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும். இருபக்கமும் பிஸ்டன் கொண்டு அசையாமல் நிற்கும் எதிரெதிர்ப் பிஸ்டன் காலிப்பருக்கு ஒரு பக்கத்துப் பிஸ்டன்களின் பரப்பை மட்டும் எடுக்க வேண்டும். நான்கையும் கூட்டி, 'பழையதைவிட இரண்டு மடங்கு' என்று எழுதும் விற்பனையாளர்கள் இன்னமும் இருக்கிறார்கள், நம்பிவிடாதீர்கள். என் 54 மி.மீ. பிஸ்டன் 2290 சதுர மி.மீ. இதை அளவுகோலாக வைத்துக்கொண்டேன்.

என் வண்டிக்கென்று பரவலாக விற்கப்படும் கிட்டில் நான்கு பிஸ்டன்களும் 1.75 அங்குலம். ஒரு பக்கத்துக்கு 3104 சதுர மி.மீ., அதாவது பழையதைவிட 36 சதவீதம் கூடுதல். டிஸ்க் 256-லிருந்து 280 ஆகும்போது பேட் அழுத்தும் ஆரம் சுமார் 106 மி.மீ.யிலிருந்து 118 ஆகிறது, அது 11 சதவீதம். இரண்டையும் பெருக்கினால் அதே கால் அழுத்தத்துக்கு முன் சக்கரத்தில் 51 சதவீதம் கூடுதல் திருப்புவிசை. கேட்கக் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் பின் பிரேக் பழையபடியே இருக்கிறதே! முன் சக்கரங்கள் முதலிலேயே பூட்டிக்கொள்ளும், பின் டயர்களின் பிடிமானம் பயன்படாமலே கிடக்கும், நிற்கும் தூரம் நீளும். பெரிய காலிப்பர் போட்டு வண்டி மோசமாக நிற்கிறது என்று புலம்புகிறவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

அதோடு விடுவதில்லை. பிஸ்டன் பரப்பு 36 சதவீதம் ஏறினால் அதை நகர்த்த அவ்வளவு கூடுதல் ஆயில் வேண்டும், பெடல் ஆழமாக இறங்கும். உடனே, பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரை, '7/8 அங்குலத்திலிருந்து 15/16-க்கு மாற்றிவிடு' என்று அறிவுரை வரும். மாற்றினால் பெடல் மேலே வரும், உண்மைதான். ஆனால் அதன் பரப்பு 15 சதவீதம் கூடுவதால் அதே கால் அழுத்தத்தில் ஆயில் அழுத்தம் 13 சதவீதம் குறைகிறது, முன்னாலும் பின்னாலும் ஒன்றாக. முன்-பின் விகிதமோ இம்மியும் நகர்வதில்லை. பின்பக்கத்துக்குச் சரிசெய்யும் வால்வு போடலாமே என்றால், அந்த வால்வு பின் அழுத்தத்தைக் குறைக்க மட்டுமே தெரிந்தது, கூட்டத் தெரியாது. முன்பக்கம் சாய்ந்துவிட்ட வண்டிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஆகவே கிட்டை ஒதுக்கிவிட்டுத் தனித்தனியாகத் தேடினேன். 36, 40 மி.மீ. பிஸ்டன் ஜோடி உள்ள காலிப்பர் கிடைத்தது. ஒரு பக்கப் பரப்பு 2275 சதுர மி.மீ., பழைய 2290-க்கு ஒட்டியே. பெடல் ஆழம் மாறாது, மாஸ்டர் சிலிண்டரைத் தொட வேண்டாம். டிஸ்க் பெரிதானதால் வரும் 11 சதவீதம் மட்டும்தான் முன்பக்கக் கூடுதல். ஒட்டும் டயரில் மிதிக்கும்போது எடை முன்னே அதிகம் பாய்வதால் அந்தக் கூடுதல் வண்டிக்கு உகந்ததே. காலிப்பருக்குள் 36 பக்கம் எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பதையும் கவனியுங்கள்: டிஸ்க் சுழன்று பேட்டுக்குள் நுழையும் முனையில் சின்ன பிஸ்டன், வெளியேறும் முனையில் பெரியது. இடவலம் மாற்றிப் பொருத்தினால் பேட் ஆப்பு வடிவில் தேயும். காற்று வெளியேற்றும் நிப்பிள் மேலே இருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வீல் இடைவெளிக்கு அட்டையில் காலிப்பர் வடிவத்தை வெட்டி, சக்கரம் பொருந்தும் ஹப்பில் வைத்துப் பார்த்தேன். உட்புற வளையத்தில் தாராளமாக இருந்தது, ஸ்போக் பக்கம்தான் நெருக்கம். காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட் அலுமினியத்தில் கடைந்தது, துல்லியமான வேலை. அந்தக் கடைசல்காரருக்கு மனதார நன்றி.

டிஸ்க் விற்றவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. உள்ளே வளைந்த காற்றுத் தடுப்புகள் கொண்ட டிஸ்க் இடம், வலம் என்று ஜோடியாக வர வேண்டும். பெட்டியைத் திறந்தால் இரண்டும் ஒரே பக்கத்துக்கானவை. மேலே கீறிய கோடுகள் மட்டும் எதிரெதிர்த் திசையில் இருந்தன, பார்வைக்கு ஜோடி போலவே தெரியும்! விளிம்பு வழியாக டார்ச் அடித்து உள்ளே பார்த்தால்தான் பிடிபடும். சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது தடுப்புகள் மையத்திலிருந்து வெளிப்புறமாகப் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் நடுவிலிருந்து காற்றை இழுத்து வெளியே தள்ளும். மேல்கோட்டின் திசை இதற்குச் சாட்சி ஆகாது. விற்றவரோ, 'ஓடத்தானே போகிறது, அப்படியே போடுங்கள்' என்றார். நான் விடவில்லை. சரியான ஜோடி வரும்வரை காத்திருந்தேன். துளையிட்ட டிஸ்க் வேண்டுமா என்று வேறு கேட்டார். தடத்துக்குத் துளை வேண்டாம். ஏறி இறங்கும் வெப்பத்தில் துளையின் விளிம்பிலிருந்துதான் விரிசல் கிளம்பும். கீறிய கோடே போதும்.

புது பேட்டைப் படிப்படியாகச் சூடேற்றிப் பழக்கினேன். மிதமான மிதிகளில் தொடங்கி வலுவான மிதி வரை போய், முழுவதுமாக நிறுத்தாமல் ஓடவிட்டு ஆறவைக்க வேண்டும். சூடான டிஸ்க் மேல் பேட்டை அழுத்திக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் பேட் படலம் திட்டாக ஒட்டிவிடும். பிறகு வரும் அதிர்வுக்கு எல்லோரும் டிஸ்க் கோணிவிட்டது என்று பழி போடுவார்கள். பெரும்பாலும் கோணியிருக்காது, அந்தத் திட்டுதான் காரணம்.

வெப்பத்தை ஊகிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. டிஸ்க்கின் வெளி விளிம்பில் ஏபி ரேஸிங் வெப்பப் பெயின்ட் மூன்று நிறத்தையும் தீற்றினேன். பச்சை 430 டிகிரியில் வெளுக்கும், ஆரஞ்சு 560-இல் மஞ்சளாகும், சிவப்பு 610-இல் வெளுக்கும். அமர்வு முடிந்து பார்த்தபோது பச்சை முழுக்க வெளுத்து, ஆரஞ்சு மஞ்சளாகி, சிவப்பு அப்படியே இருந்தது. 560-க்கும் 610-க்கும் இடையில் என்று தெளிவாகிவிட்டது. காலிப்பரில் ஒட்டிய வெப்பம் காட்டும் பட்டையில் 200 டிகிரிக் கட்டம் கறுத்திருந்தது. ஈரம் ஏறிய சாதாரண டாட் 4 ஆக இருந்திருந்தால் பெடல் தரையைத் தொட்டிருக்கும். பேட்டின் எல்லை இதற்கு மேல் இருப்பதால் இப்போதைக்குக் கவலை இல்லை, ஆனால் வெயில் காலத்துக்கு இந்த இடைவெளி போதாது.

அதனால் அடுத்தது காற்றுக் குழாய். 63 மி.மீ. குழாய் வாங்கி வைத்திருக்கிறேன். பம்பர் ஓட்டையிலிருந்து டிஸ்க்கின் நடுவுக்கு, ஹப்பை ஒட்டிக் கொண்டுபோக வேண்டும். டிஸ்க் முகத்தின் மேல் ஊதினால் ஒரு பக்கம் மட்டும் ஆறும், மறுபக்கம் கொதிக்கும். டிஸ்க் குடை போல வளையவும் விரிசல் விடவும் அதைவிட நல்ல வழி இல்லை. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் குழாய் டயரில் உரசுகிறது. அந்த வளைவுக்கு ஒரு தகடு அடித்துக்கொண்டிருக்கிறேன்.

பின்பக்கத்தில் இன்னும் கம்பெனி பேட்தான் இருக்கிறது. முன்னால் உராய்வு கூடிய பேட் போட்டதால் இப்போது கணக்கிட்ட 11 சதவீதத்தையும் தாண்டி முன்பக்கம் சாய்ந்திருக்கிறது. பின்னாலும் அதே ரகப் பேட் ஏறினால் இது நேராகும். சொல்லி வைத்திருக்கிறேன், வந்தபாடில்லை.

இன்னொன்று இருக்கிறது. நிலையான காலிப்பர் போட்ட பிறகு, வேகமாகத் தட ஓரத்துக் கேர்ப் மேட்டின் மேல் ஏறி இறங்கினால் அடுத்த மிதியில் பெடல் கொஞ்சம் நீளமாக வருகிறது. ஆயில் கொதிப்பு அல்ல. முதல் சுற்றிலேயே, எல்லாம் ஆறியிருக்கும்போதும் வருகிறது. வீல் பேரிங்கில் ஆட்டம் இருப்பதால் டிஸ்க் பக்கவாட்டில் அசைந்து பிஸ்டனை உள்ளே தள்ளுகிறது. நழுவும் காலிப்பர் இந்த ஆட்டத்தோடு தானும் நகர்ந்து கொடுத்துவிடும், இது கொடுக்காது. இரண்டு முன் பேரிங்கும் மாற்றியாக வேண்டும். அதுவரை ஒவ்வொரு நேர்ப்பகுதியின் முடிவிலும் பிரேக் புள்ளிக்கு முன்பாக இடது காலால் பெடலை லேசாகத் தட்டி, பேட்டை டிஸ்க்கோடு சேர்த்துவிட்டுத்தான் மிதிக்கிறேன்.